பதினோரு பெட்டிகளைப் பிரிக்கும் முன்: பொறியாளர், ஆசிரியர், அப்பா

கேள்வி: 4 ஜனவரி

பொறியாளராக வேலை பார்த்து, பின்னாளில் கல்லூரியில் பாடம் நடத்திய ஒருவர் மறைந்து ஓராண்டு ஆகப்போகிறது. வீட்டார், மாணவர்கள், உடன் வேலை செய்தவர்கள் சேர்ந்து நினைவு நூல் கொண்டுவருகிறோம். 'பொறியாளர்', 'ஆசிரியர்', 'குடும்பத் தலைவர்' என்று மூன்று பகுதி. பதினோரு பெட்டிக் காகிதங்களையும் அதே மூன்று குவியலாகப் பிரிக்க ஆரம்பித்திருக்கிறோம். டிராயிங், நோட்டு, கேசட், பழைய ஃபிளாப்பி எல்லாம் உண்டு. இப்படிப் பிரிப்பதுதானே வசதி?

4 ஜனவரி, இரவு

பிரிப்பதை இன்றே நிறுத்துங்கள். ஒரு பொறியாளரின் நோட்டில் பீம் (உத்தரம்) கணக்கு இருக்கும். அதற்கு அடுத்த பக்கத்தில் மறுநாள் வகுப்புக்கான கேள்வி இருக்கும். ஓரத்தில் பிள்ளையின் பல் டாக்டர் நேரம் இருக்கும். அந்த நோட்டை எந்தக் குவியலில் வைப்பீர்கள்? தாள்களைக் கழற்றி மூன்றாகப் பிரித்தால், அந்த வாரம் அவர் எப்படி வாழ்ந்தார் என்பதற்கான ஒரே சாட்சி போய்விடும். ஆவணக் காப்பகங்களில் 'மூல வரிசை' என்பார்கள். ஆள் விட்டுப்போன வரிசையும் ஓர் ஆவணம்தான்.

செய்யவேண்டியது: ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபடியே மேலிருந்து ஒரு படம். பெட்டிக்கு ஓர் எண். உள்ளே இருக்கும் நோட்டு, கவர், உருளை ஒவ்வொன்றுக்கும் மேலிருந்து கீழாக ஓர் எண். எண்ணைப் பொருளின் மேல் எழுதாமல், ஒரு துண்டுச் சீட்டில் 2பி பென்சிலால் எழுதிச் செருகுங்கள். பொருள்வாரிப் பிரிவு வேண்டுமானால் ஒரு பட்டியலில் செய்துகொள்ளலாம். அதில் ஒரே பக்கத்துக்கு மூன்று குறிச்சொல்லும் போடலாம்.

5 ஜனவரி

ஏற்கெனவே பிரித்தது எவ்வளவு என்று நேற்றுக் கேட்கவில்லை. இரண்டு பெட்டி என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். துருப்பிடித்த கிளிப்பின் தடம் எந்தத் தாள்கள் ஒன்றாக இருந்தன என்று காட்டும். மடிப்புகள் பொருந்தும். கார்பன் பேப்பர் கறை எதிர்த்தாளில் ஒட்டியிருக்கும். வெயில் பட்ட விளிம்பின் பழுப்பு எது மேலே இருந்தது என்று சொல்லும். நோட்டுத் தாள் என்றால் கோடுகளின் நிறமும் தையல் துளைகளும் போதும்.

கிளிப்பையும் ஸ்டேப்ளர் பின்னையும் எடுப்பதாக இருந்தால், தாளைப் பிடித்து இழுக்காதீர்கள். தாளைக் கவிழ்த்து, பின்னின் இரண்டு காலையும் மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமாக எடுங்கள். பழுத்துப்போன செல்லோ டேப்பைத் தொடவே வேண்டாம். பழைய டேப்பின் பசை முதலில் மஞ்சளாகும், பிறகு எண்ணெய்போல் தாளுக்குள் இறங்கும், கடைசியில் காய்ந்து பிளாஸ்டிக் பட்டை தானாகவே விழும். நடுக்கட்டத்தில் இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வரும்.

5 ஜனவரி, பிற்பகல்

அவசர வரிசை ஒன்று. முதலில் பழைய ஃபேக்ஸ் தாள்கள், பில் மாதிரி வழவழப்பானவை. அது வெப்பத்தாள், தானாகவே வெளிறும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் வேகமாக. அடுத்து ஃபிளாப்பி, கேசட். பிறகு அம்மோனியா பிரிண்ட் எனும் டிராயிங் நகல்கள். நல்ல தாளில் பென்சிலிலும் இந்தியன் இங்க்கிலும் எழுதியவை கடைசி. அவை காத்திருக்கும்.

கால்குலேட்டர் இருந்தால் பேட்டரியை இன்றே கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளே அரித்துவிடும்.

6 ஜனவரி, அதிகாலை

கால்குலேட்டர் பற்றி நேற்று எழுதியது தவறு. யாராவது கழற்றும் முன் இதைப் படிக்கவேண்டும். புரோகிராம் எழுதக்கூடிய கால்குலேட்டர் என்றால் பேட்டரியைக் கழற்றாதீர்கள். 1976-இல் வந்த எச்பி 25சி முதல், அணைத்தாலும் நினைவு அழியாத மாடல்கள் புழக்கத்துக்கு வந்தன. அவற்றில் பலவற்றில் அந்த நினைவு நிற்பது பேட்டரியின் சொட்டு மின்சாரத்தில்தான். அவர் தன் கையால் ஏற்றிய நிரல் உள்ளே இருக்கலாம். முதலில் இயக்கிப் பாருங்கள். நிரல் இருந்தால் ஒவ்வோர் அடியாக நகர்த்தி, ஒவ்வொரு திரையையும் படம் எடுங்கள். எல்லா நினைவுப் பெட்டிகளின் மதிப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு கழற்றலாம்.

சாதாரண கால்குலேட்டருக்கு நேற்றுச் சொன்னதே சரி.

6 ஜனவரி

டிராயிங்குகள். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரியவேண்டும், ஏனென்றால் ஒன்றுக்கு மருந்து மற்றொன்றுக்கு விஷம்.

நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு என்றால் அசல் புளூ பிரிண்ட். ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த முறை. அந்த நீலம் வெளிச்சத்தில் வெளிறும். வெள்ளைப் பின்னணியில் நீலம், ஊதா அல்லது பழுப்புக் கோடு, பின்னணி மஞ்சளாகித் திட்டுத்திட்டாக இருந்தால் அம்மோனியா பிரிண்ட், அதாவது டயசோ. இதிலும் வெளிச்சம் கோட்டைத் தின்னும். கூடவே அது வெளிவிடும் ஆவி பக்கத்துத் தாளையும் கறையாக்கும். அதனால் இதற்குத் தனி உறை. பாதி ஒளி ஊடுருவும் தாள் என்றால் டிரேசிங் ஷீட்: ஈரம் பட்டால் சுருங்கி அலையலையாகும், வயதானால் அப்பளம்போல் நொறுங்கும். துணிமாதிரி இருந்தால் டிரேசிங் கிளாத். அதில் கஞ்சிப்பூச்சு உண்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் போதும் பாழாக. கிழியவே கிழியாத மங்கலான பிளாஸ்டிக் என்றால் பாலியெஸ்டர் ஃபிலிம். அதற்குச் சாவே இல்லை, ஆனால் மேலிருக்கும் பென்சில் கோடு கைபட்டால் தேய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் அமிலம் இல்லாத உறையில் வையுங்கள்.

டிரேசிங் ஷீட்டைச் சாய்ந்த வெளிச்சத்தில் கட்டாயம் ஒருமுறை பாருங்கள். அறையை இருட்டாக்கி, டார்ச்சை மேஜை மட்டத்தில் வைத்து ஒரு பக்கமாக அடியுங்கள். இங்க்கில் போட்ட கோட்டைத் திருத்த அந்தக் காலத்தில் பிளேடால் சுரண்டுவார்கள். சுரண்டிய இடம் சொரசொரப்பாகத் தெரியும். எந்த இடத்தில் அவர் மனம் மாறினார் என்பது அங்கே இருக்கிறது. அந்த நிலையிலேயே படம் எடுங்கள். முடிந்த டிராயிங்கின் நகல் அவர் வேலை பார்த்த இடத்தில் இருக்கலாம். சுரண்டல் உங்களிடம் மட்டும்தான்.

7 ஜனவரி

உறை பற்றி ஒரு திருத்தம். அமிலம் இல்லாதது என்று விற்கப்படும் உறைகளில் பலவற்றில் கால்சியம் கார்பனேட் கலந்திருக்கும். சாதாரணத் தாளுக்கு அது நல்லது. புளூ பிரிண்ட்டுக்கு ஆகாது, காரம் அந்த நீலத்தைச் சிதைத்துவிடும். புளூ பிரிண்ட்டுக்குக் காரச் சேர்ப்பு இல்லாத உறை என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் அளவு கேட்டிருந்தீர்கள். நோட்டுப் பக்கங்கள் 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி), கலரில். 'எல்லாம் கறுப்பு வெள்ளைதானே' என்று கலரை விட்டுவிடாதீர்கள். கறுப்பு-வெள்ளை முறையில் 4எச் பென்சிலின் மெல்லிய கோடு மறைந்துபோகும், சிவப்புத் திருத்தமும் நீல எழுத்தும் ஒன்றாகிவிடும். ஏ4 பக்கம் ஒன்று அழுத்தாத டிஃப் கோப்பாக ஏறத்தாழ 46 எம்பி வரும். 200 பக்க நோட்டு 9 ஜிபி தாண்டும். அதை மூலமாக வைத்துக்கொண்டு, படிக்கத் தனியாக ஒரு பிடிஎஃப் செய்யுங்கள். புகைப்படங்கள் 600 டிபிஐ. ஏ0 டிராயிங் 300 டிபிஐ-இல் 400 எம்பி தாண்டும். அகல ஸ்கேனர் கிடைக்காவிட்டால் சுவரில் மாட்டிய இரும்புப் பலகையில் காந்தத்தால் நிறுத்தி, கேமராவை நேர்க்குத்தாக வைத்துப் பகுதி பகுதியாக எடுக்கலாம். அப்போது ஓர் அடிக்கோலையும் படத்துக்குள் வையுங்கள். புத்தகத்தில் சிறிதாக அச்சிட்ட பிறகு, டைட்டில் பிளாக்கில், அதாவது டிராயிங்கின் மூலையிலுள்ள விவரக் கட்டத்தில், இருக்கும் 1:100 என்ற ஸ்கேல் பொய்யாகிவிடும். அடிக்கோல் படத்தோடு சேர்ந்தே சிறுக்கும், அது பொய் சொல்லாது.

வெற்றுப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள். பக்கங்களுக்கு நடுவே துண்டுச் சீட்டு இருந்தால், இருக்கும் இடத்தில் ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை. கோப்பின் பெயர் 'பெட்டி02, நோட்டு07, பக்கம்013' என்பதுபோல. பூச்சியத்தை முன்னால் போடாவிட்டால் 10-ஆம் பக்கம் 2-க்கு முன்னால் வந்து நிற்கும்.

9 ஜனவரி

நோட்டு ஒன்றில் 'ஒவ்வொரு கணக்குக்கும் பக்கத்தில் பென்சிலில் ஒரு தப்பான விடை இருக்கிறது, அது என்ன' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பதினோரு பெட்டியில் அதைவிட மதிப்புள்ளது வேறு இருக்குமா என்று தெரியவில்லை. அது தப்பான விடை அல்ல.

ஸ்லைடு ரூல், அதாவது கால்குலேட்டருக்கு முன் பொறியாளர்கள் கணக்குப் போட்ட நழுவு அளவுகோல், இலக்கங்களைத் தரும், தசமப் புள்ளியைத் தராது. ஒரு பீமின் நீளம் 6 மீட்டர், சுமை மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் என்றால், அதை வளைக்கும் திருப்புத்திறனுக்குச் சூத்திரம் டபிள்யூ எல் ஸ்கொயர் பை எட்டு: சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி எட்டால் வகுப்பது. ஸ்லைடு ரூலின் டி ஸ்கேலில் 9 என்று தெரியும். அது 9-ஆ, 90-ஆ, 900-ஆ என்பதைக் கருவி சொல்லாது. அதனால் முதலில் மனத்தில் ஒரு குத்துமதிப்பு: ஆறாறு முப்பத்தாறு, நாற்பது என்று வை, எட்டால் வகுத்தால் ஐந்து, இருபதால் பெருக்கினால் நூறு. ஓரத்தில் பென்சிலில் 100. பிறகு கருவியில் 9. ஆக விடை 90 கிலோநியூட்டன் மீட்டர். ஓரத்து நூறு இல்லாமல் அந்தத் தொண்ணூறை எழுத முடியாது.

நூலில் இதைப் போடுங்கள், இரண்டு எண்ணும் தெரியும்படி. 'துல்லியமானவர்' என்று பத்துப் பேர் எழுதுவதைவிட, ஒவ்வொரு முறையும் விடைக்கு முன் தன்னைத்தானே சோதித்துக்கொண்ட ஒருவரை அந்த ஓரத்து எண் காட்டும். கால்குலேட்டர் வந்தபிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்ததா என்று பாருங்கள். எச்பி 35 கால்குலேட்டர் வந்தது 1972-இல். அதன்பின் எழுதிய நோட்டிலும் ஓரத்தில் குத்துமதிப்பு இருந்தால், இப்போது அது கருவியின் கட்டாயம் அல்ல, அவருடைய குணம். மாணவர்களிடமும் கேளுங்கள்: வகுப்பில் கணக்குப் போடும் முன் 'சுமாரா எவ்வளவு வரும்?' என்று கேட்பாரா? வீட்டிலும் கேளுங்கள்: பிள்ளைகளிடம் பேருந்து வர எவ்வளவு நேரம், தொட்டியில் எத்தனை வாளி என்று ஊகிக்கச் சொல்வாரா? மூன்று பகுதியையும் ஒரே நூலில் கோக்கிற இழை இதுவாக இருக்கலாம்.

9 ஜனவரி, இரவு

தேதியில்லாத பக்கங்களின் காலத்தைக் கணிக்க இந்த இலக்கங்கள் உதவும். விடைகள் மூன்று இலக்கத்தில் நின்றால் ஸ்லைடு ரூல். பத்து இலக்கம் என்றால் கால்குலேட்டர்.

10 ஜனவரி

நேற்றிரவு எழுதியது ஒரு பக்கம்தான் சரி. பத்து இலக்கம் இருந்தால் ஸ்லைடு ரூல் இல்லை, அது நிச்சயம். ஆனால் மூன்று இலக்கம் இருந்தால் ஸ்லைடு ரூல்தான் என்று சொல்ல முடியாது. நல்ல பொறியாளர் கால்குலேட்டரில் வந்ததையும் மூன்று இலக்கமாக்கித்தான் எழுதுவார், சுமையே அவ்வளவு துல்லியமாகத் தெரியாதபோது பத்து இலக்கத்துக்குப் பொருள் இல்லை. நான்கு இலக்கத்தோடு பக்கத்தில் கூட்டல் வரிசை இருந்தால் அது லாக் டேபிள், அதாவது பெருக்கலைக் கூட்டலாக்கும் மடக்கை அட்டவணை. அலகுகளையும் சேர்த்துப் பாருங்கள்: பவுண்டு-சதுர அங்குலம், கிலோகிராம்-சதுர சென்டிமீட்டர், நியூட்டன்-சதுர மில்லிமீட்டர் என்று ஒரே ஆளின் நோட்டுகளில் அலகு மாறும் இடம் காலத்தைக் காட்டும். 7/8/71 என்றால் நாள் முதலா மாதம் முதலா என்று குழம்பும். 12-க்கு மேற்பட்ட எண் வரும் ஒரு தேதியைத் தேடுங்கள், அதில் தெளிவாகிவிடும்.

12 ஜனவரி

மாணவர்களிடம் கட்டுரை கேட்டதில் எல்லாமே ஒரேமாதிரி வருகிறது என்கிறீர்கள்: எளிமை, கண்டிப்பு, அன்பு. குற்றம் கேள்வியில் இருக்கிறது. 'சாரைப் பற்றி எழுதுங்கள்' என்றால் யாரும் பண்புப்பெயரைத்தான் எழுதுவார்கள். இப்படிக் கேளுங்கள்: கரும்பலகையில் எந்த மூலையிலிருந்து தொடங்குவார்? படம் முதலில் வருமா, சூத்திரமா? அலகு எழுதாமல் விட்டால் எத்தனை மதிப்பெண் குறைப்பார்? விடை தப்பு, வழி சரி என்றால் என்ன செய்வார்? ஒரு கேள்விக்குத் 'தெரியாது' என்று எப்போதாவது சொன்னாரா, மறுநாள் என்ன கொண்டுவந்தார்? இதற்கு வரும் பதில் இரண்டு வரியாக இருந்தாலும் ஆள் அதில் நடமாடுவார்.

இன்னொன்று, கட்டுரையைவிட முக்கியமானது: மாணவர்களின் பழைய வகுப்பு நோட்டைக் கேளுங்கள். ஆசிரியரின் சொந்தக் குறிப்பு ஆண்டு போகப் போகச் சுருங்கும். பத்தாவது வருடத்தில் ஒரு தாளில் நான்கு தலைப்புதான் மிஞ்சும், மீதி அவர் தலைக்குள் போயிருக்கும். முழுப் பாடமும் மாணவர் நோட்டில்தான் இருக்கும். ஒரே பாடத்தின் இரண்டு நோட்டு, சில ஆண்டு இடைவெளியில் கிடைத்தால், பக்கத்துப் பக்கமாக வைத்துப் பாருங்கள். எந்த எடுத்துக்காட்டை மாற்றினார், எதைக் கைவிட்டார் என்பதை அவருடைய குறிப்பே சொல்லாது. சிவப்பு மையில் அவர் திருத்திய விடைத்தாள் யாரிடமாவது இருந்தால் நூலின் நடுப்பக்கம் அதற்குத்தான். மாணவர் பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்து, அவர்களின் சம்மதத்தோடு.

13 ஜனவரி

பேட்டி எடுப்பவர்களுக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வயதானவர்களுக்கு முக்கால் மணி. போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஓரடி தூரத்தில் துண்டின் மேல் வையுங்கள், மேஜை அதிர்வு ஏறாது. மின்விசிறியை அணையுங்கள். இரண்டாவது கருவியிலும் பதிவு ஓடட்டும். பேச்சு முடிந்ததும் பத்து விநாடி சும்மா இருந்து அறையின் அமைதியைப் பதியுங்கள், வெட்டி ஒட்டும்போது தேவைப்படும். கேள்வி கேட்டபின் ஐந்து விநாடி பொறுங்கள். நல்ல விஷயம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வரும். எழுத்தாக்க, ஒரு மணிப் பேச்சுக்குக் குறைந்தது நான்கு மணி ஒதுக்குங்கள்.

மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியே கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவர் ஆண்டைத் திருத்துவார், மற்றவர் பேச்சு அங்கேயே நின்றுவிடும். படத்தில் யார் யார் என்று கண்டுபிடிக்க மட்டும் சேர்ந்து உட்காரச் சொல்லுங்கள், அங்கே சண்டைதான் பயன். இரண்டு பேர் இரண்டு ஆண்டு சொன்னால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று குறியுங்கள்.

15 ஜனவரி

கேசட். முதலில் மேல்விளிம்பின் இரண்டு ஓட்டைகளைப் பாருங்கள். பிளாஸ்டிக் நாக்கு உடைக்கப்பட்டிருந்தால் அதன்மேல் பதிவாகாது. நாக்கு இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள், ஒரு பொத்தான் மாறி அழுத்தினால் அவர் குரலின் மேல் மௌனம் பதிந்துவிடும். பிறகு உள்ளே நாடாவுக்குப் பின்னால் பஞ்சுத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். அது விழுந்திருந்தால் ஒலி மங்கும். அதே அளவு வேறு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடலாம், திருகு போட்ட கூடாக இருந்தால் எளிது.

ஓட்டும் முன் ஒருமுறை முழுதும் முன்னோக்கி, ஒருமுறை பின்னோக்கி. சி-120 (120 நிமிட கேசட்) என்றால் நாடா மிக மெல்லியது, வேகமாகச் சுற்றினால் சிக்கும். அதை மெதுவாகவே ஓட்டுங்கள். ஹெட்டை (நாடாவைப் படிக்கும் உலோகப் பகுதி) ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள், ரப்பர் உருளைக்கு அது வேண்டாம், ரப்பர் விறைத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை. ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகைக் கால் சுற்றுக்குள் மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும்.

கணினியில் பதியும்போது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டவேண்டாம். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 520 எம்பி. இரைச்சல் நீக்கியை மூலக் கோப்பில் பயன்படுத்தாதீர்கள். சாக்பீஸ் தட்டும் ஒலியையும் அது இரைச்சல் என்று எடுத்துவிடும்.

16 ஜனவரி

ஃபிளாப்பியின் இரண்டு அளவுகளிலும் பாதுகாப்பு ஓட்டை ஒன்றுக்கொன்று நேரெதிர் முறை. மூன்றரை அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தால் பாதுகாப்பு. ஐந்தேகால் அங்குலத்தில் பக்கத்து வெட்டை டேப்பால் மூடினால்தான் பாதுகாப்பு. கோப்பைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் முழுத் தட்டையும் ஒரே பிம்பக் கோப்பாக, அதாவது தட்டின் அச்சு அசலான நகலாக, எடுங்கள். சில தட்டுகள் ஒருமுறைதான் ஒத்துழைக்கும்.

தமிழில் தட்டச்சு செய்த கோப்பு குப்பையாகத் தெரிகிறது என்றீர்களே, கெடவில்லை, அழிக்காதீர்கள். ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் அடித்தது. 'அம்மா' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அது பாமினி. டாம், டாப், டிஸ்கி என்று வேறு முறைகளும் உண்டு. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றியில் போட்டால் அப்படியே வரும். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துச் சரிபாருங்கள். மூலக் கோப்பையும் வைத்திருங்கள். டிராயிங் கோப்பில் எழுத்துகள் மட்டும் காணவில்லை என்றால் அதற்குரிய எஸ்எச்எக்ஸ் (ஆட்டோகேட் வரைபட மென்பொருளின்) எழுத்துருக் கோப்பு வேறொரு தட்டில் இருக்கலாம், தேடுங்கள்.

19 ஜனவரி

பிரசுரிக்கும் முன் இரண்டு தடை. அவர் வரைந்ததாலேயே டிராயிங் குடும்பத்துக்குச் சொந்தமாகிவிடாது, வேலைக்காக வரைந்தது பெரும்பாலும் நிறுவனத்துடையது. இன்னும் பயன்பாட்டில் இருக்கும் கட்டடம், பாலத்தின் விவரங்களை வெளியிட வேண்டாம், அனுமதி கேளுங்கள். கைக்கணக்கின் ஒரு மூலை, டைட்டில் பிளாக்கில் அவர் கையொப்பம் போதும். இன்னொன்று, அவருக்கு வந்த கடிதங்கள். தாள் உங்களுடையது, அச்சிடும் உரிமை எழுதியவருடையது.

டைட்டில் பிளாக்கில் 'வரைந்தவர்', 'சரிபார்த்தவர்' இரண்டையும் பாருங்கள். இளவயதில் முதல் கட்டத்தில் இருந்த அவருடைய முதலெழுத்து எந்த ஆண்டில் இரண்டாவதுக்கு நகர்கிறது என்று தேடினால் கிடைத்துவிடும். வாழ்க்கைக் குறிப்பில் பதவிப் பெயர்களுக்குப் பதில் அந்த இரண்டு டிராயிங்கையும் அருகருகே போடலாம்.

22 ஜனவரி

நூலுக்கு மூன்று பகுதி வேண்டாம் என்று முதல் நாள் நான் சொல்லவில்லை, பெட்டிக்குத்தான் சொன்னேன். ஆனால் இப்போது நூலுக்கும் வேண்டாம் என்றே தோன்றுகிறது. ஆண்டு வரிசையில் போங்கள், ஒவ்வோர் ஆண்டிலும் நோட்டின் ஒரே ஒரு பக்கம் முழு அளவில், ஓரம் வெட்டாமல். பிள்ளையின் பல் டாக்டர் நேரமும் அதில் இருக்கட்டும்.

எல்லாக் கோப்புகளும் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு வீட்டில். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள்.

23 ஜனவரி

ஸ்லைடு ரூலைத் துடைப்பது பற்றிக் கேட்டதற்குப் பதில் விட்டுப்போனது. ஆல்கஹால், அசிட்டோன் இரண்டும் வேண்டாம், ஸ்கேலின் மை போய்விடும். உள்ளே மரம் இருந்தால் நனைக்கவும் கூடாது. ஈரம் பிழிந்த மெல்லிய துணி, உடனே உலர் துணி. நடுத்துண்டை உருவி இரண்டு விளிம்பையும் துடைத்து, அதே திசையில் திரும்பச் செருகுங்கள். உறைக்குள் கையெழுத்தில் ஏதாவது சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள், அடிக்கடி தேவைப்படும் மாறிலிகளை அங்கேதான் எழுதி வைப்பார்கள்.